617 இலக்கங்களும் ஓர் அடிக்குறிப்பும்

கல்லூரியில் எண்ணியல் படித்த ஆண்டில் என் குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது. ஒரு பகா எண்ணை இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் வருவதும் பகா எண்ணாக இருக்குமானால், முதல் எண்ணுக்கு ஜெர்மேன் பகா எண் என்று பெயர். 5 அப்படிப்பட்டது, ஏனென்றால் 11 பகா எண். 7 அப்படிப்பட்டதல்ல, 15 பகா எண் இல்லை. அவ்வளவுதான். அடுத்த வரியில் வேறொரு வரையறை. வகுப்பில் எல்லோரும் பெண்கள். இது ஒரு பெண்ணின் பெயராக இருக்கலாம் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. யாரோ ஒரு ஜெர்மானியர் கண்டுபிடித்திருப்பார் என்று என் பக்கத்தில் இருந்தவள் ஓரத்தில் எழுதிவைத்தாள். நானும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, கணினிப் பாதுகாப்பைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது அந்த வரி திரும்ப வந்தது. இந்த முறை எண் 5 அல்ல. 617 இலக்கங்கள் கொண்ட ஒரு பகா எண்.

2003 மே மாதம் இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு, ஆர்எஃப்சி 3526 என்ற எண்ணிட்ட ஆவணத்தை வெளியிட்டது. அதில் சில ராட்சதப் பகா எண்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அவற்றில் பரவலாகப் புழங்கியது இந்த 617 இலக்க எண். கணினியின் இரும மொழியில் எழுதினால் 2048 இடங்கள். முதல் 64 இடங்களிலும் கடைசி 64 இடங்களிலும் 1 மட்டுமே. நடுவில் இருப்பதைப் பை என்ற மாறிலியின் இலக்கங்களிலிருந்து எடுத்திருக்கிறார்கள். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருமே, அந்தப் பைதான். எண்ணைத் தேர்ந்தெடுத்தவர்கள் அதற்குள் ரகசியமாக எந்தக் கள்ளச்சாவியையும் ஒளித்துவைக்கவில்லை என்று உலகுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? பையின் இலக்கங்களை யாரும் தம் வசதிக்கு மாற்ற முடியாது. அப்படி அமைத்ததோடு 124476 என்ற ஒரு சிறு திருத்தத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அது ஏன் என்பதில்தான் என் கதை இருக்கிறது. அந்தத் திருத்தத்தோடுதான் எண் பகா எண்ணாகிறது. அதிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் வருவதும் பகா எண்ணாகிறது. அதாவது, அந்தப் பாதி எண் ஒரு சோஃபி ஜெர்மேன் பகா எண்.

இது ஏன் வேண்டும்? கடிகாரத்தைக் கொண்டு சொல்லலாம். 12 மணி நேரக் கடிகாரத்துக்குப் பதிலாக 11 மணி நேரம் மட்டும் காட்டும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தக் கணக்கைச் செய்தாலும் 11ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுகிறோம். 2ஐத் தொடர்ந்து 2ஆல் பெருக்கிக்கொண்டே போனால் 2, 4, 8, 5, 10, 9, 7, 3, 6, 1. பத்துப் படிகள் நடந்து வீடு திரும்புகிறோம். 3ஐ எடுத்தால் 3, 9, 5, 4, 1. ஐந்தே படிகள். 10ஐ எடுத்தால் 10, 1. வேறு எந்த எண்ணை எடுத்தாலும் சுற்றின் நீளம் 1, 2, 5, 10 என்ற நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். 13 மணிக் கடிகாரத்தில் இப்படி இல்லை. அங்கே 1, 2, 3, 4, 6, 12 என்று குட்டிக் குட்டிச் சுற்றுகள் நிறைய.

1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்ட முறையில், முன்பின் அறியாத இருவர் ஊரறியப் பேசிக்கொண்டே ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒவ்வொருவரும் இந்தக் கடிகாரத்தில் தமக்கு மட்டும் தெரிந்த அளவு படிகள் நடந்து, நின்ற இடத்தை மட்டும் அறிவிப்பார்கள். எத்தனை படிகள் நடந்தார்கள் என்பதை ஒட்டுக்கேட்பவரால் கண்டுபிடிக்க முடியாது என்பதே பாதுகாப்பு. குட்டிச் சுற்றுகள் நிறைந்த கடிகாரமாக இருந்தால் அந்த ரகசியத்தைத் துண்டு துண்டாகப் பிடுங்கிவிடலாம். 617 இலக்கக் கடிகாரத்தில் ஒரு படிச் சுற்று, இரண்டு படிச் சுற்று. இவை இரண்டையும் விட்டால் மற்ற எல்லாச் சுற்றுகளும் கற்பனைக்கு எட்டாத நீளம். 11க்கு உள்ள அதே குணம்தான். பல அலுவலகங்களின் விபிஎன் இணைப்புகளுக்கு இந்த எண் காவல் நின்றிருக்கிறது. வேறு முறைகள் இன்று அதன் இடத்தை மெல்லப் பிடித்துவருகின்றன என்றாலும் அது ஓய்வு பெற்றுவிடவில்லை.

சோஃபி ஜெர்மேனுக்குக் கணினியும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. அவர் 1776 ஏப்ரல் 1 அன்று பாரிஸில், வசதியான வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவருக்கு 13 வயதாகும்போது பாஸ்தி சிறை தகர்க்கப்பட்டது. தெருவெல்லாம் புரட்சி. வீட்டுக்குள் அடைந்திருந்த சிறுமி தந்தையின் நூலகத்தில் மோன்தூக்லா எழுதிய கணித வரலாற்றை எடுத்துப் படித்தாள். வடிவியலில் மூழ்கிப்போய் எதிரே நின்ற ரோமானியச் சிப்பாயைக் கவனிக்காத ஆர்க்கிமிடிஸ் வெட்டப்பட்டுச் செத்த கதை அதில் இருந்தது. அதன் பிறகு அவளுக்கு வேறெதுவும் பிடிக்கவில்லை. இரவில் படிக்கக் கூடாது என்று பெற்றோர் மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டார்களாம். கணப்பை அணைத்து, குளிருக்கான உடைகளையும் எடுத்து வைத்துவிட்டார்களாம். மையே உறைந்துபோகும் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒளித்துவைத்த மெழுகுவர்த்தியில் படித்தாளாம்.

இந்த மெழுகுவர்த்திக் கதை அவரைப் பற்றிய எல்லா நூல்களிலும் உண்டு. எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நம்மை எங்கே கொண்டு நிறுத்துகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெண் பட்ட கஷ்டத்தைச் சொல்ல எல்லோரும் தயாராக இருக்கிறார்கள். நாற்பது வயதுப் பெண் மேசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கைச் சொல்லத்தான் ஆள் இல்லை. அடம்பிடித்த சிறுமி நினைவில் நிற்கிறாள், கணிதவியலாளர் காணாமல் போகிறார்.

1794இல் பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் திறக்கப்பட்டது. பெண்களுக்கு இடமில்லை (அதன் கதவு பெண்களுக்குத் திறந்தது 1972இல்). விரிவுரைக் குறிப்புகளை எப்படியோ வாங்கிப் படித்த சோஃபி, படிப்பை விட்டுப் போயிருந்த லெபிளாங் என்ற மாணவரின் பெயரில் பேராசிரியர் லக்ராஞ்ஜுக்குக் கட்டுரை அனுப்பினார். இத்தனை நாள் சுமாராக இருந்தவன் திடீரென்று இப்படி எழுதுகிறானே என்று வியந்த லக்ராஞ்ஜ் அவனைப் பார்க்க விரும்ப, வேடம் கலைந்தது. அவர் கோபப்படவில்லை; பாராட்டினார்.

அதே பெயரைத்தான் 1804 நவம்பரில் கவுஸுக்கு எழுதியபோதும் பயன்படுத்தினார். கவுஸ் 1801இல் வெளியிட்டிருந்த எண்ணியல் நூலை அன்று ஐரோப்பாவில் முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டவர்கள் மிகச் சிலர். திரு. லெபிளாங் அதில் ஒருவர். 1806இல் நெப்போலியனின் படை ஜெர்மன் நாடுகளுக்குள் நுழைந்தபோது, கவுஸுக்கும் ஆர்க்கிமிடிஸின் கதி நேர்ந்துவிடுமோ என்று அஞ்சிய சோஃபி, குடும்ப நண்பரான தளபதி பெர்னெத்தியிடம் சொல்லி அவருக்குப் பாதுகாப்புக் கேட்டார். தன்னைக் காப்பாற்றச் சொன்ன அந்தப் பெண்மணி யார் என்று கவுஸுக்கு விளங்கவில்லை. அதனால்தான் சோஃபி தன் பெயரைச் சொல்ல நேர்ந்தது.

கவுஸின் பதில் 1807 ஏப்ரல் 30, அவருடைய முப்பதாவது பிறந்தநாள் அன்று எழுதப்பட்டது. ஆண்களைவிட எவ்வளவோ அதிகமான தடைகளைப் பெண்ணுக்கு வைத்திருக்கும் நம் வழக்கங்களையும் தப்பெண்ணங்களையும் மீறி இந்த இடத்துக்கு வந்தவருக்கு உயர்ந்த துணிவும் அசாதாரணத் திறனும் இருக்க வேண்டும் என்று எழுதினார். எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி இதுதான். நான் திரும்பத் திரும்பப் படித்தது அதே கடிதத்தின் வேறொரு பகுதியை. சோஃபி எழுதியிருந்த ஒரு கூற்று தவறு என்று கவுஸ் காட்டுகிறார். 15இன் பதினோராம் அடுக்கையும் 8இன் பதினோராம் அடுக்கையும் கூட்டிப் பாருங்கள், நீங்கள் சொன்னது பொருந்தாது என்கிறார். புகழ்ச்சியைவிட அந்தத் திருத்தமே பெரிய மரியாதை என்று எனக்குப் படுகிறது. எதிரே இருப்பவரைக் கணிதவியலாளராக எண்ணினால்தான் தப்பைக் காட்டத் தோன்றும். சோஃபியின் வாழ்நாள் முழுக்க இந்த மரியாதை அவருக்கு அரிதாகவே கிடைத்தது. பாராட்டிக் கைகழுவினார்கள், அல்லது பேசாமல் இருந்தார்கள். அதிரும் தகடுகளைப் பற்றிய ஆய்வுக்காக 1816இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் பரிசு அவருக்குக் கிடைத்தது. மூன்றாவது முயற்சியில் கிடைத்த பரிசு அது. விழாவுக்கு அவர் போகவில்லை. அகாடமியின் அமர்வுகளில் உட்கார இடம் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின, அதுவும் ஃபூரியே செயலாளராக இருந்து நுழைவுச்சீட்டு தந்ததால்.

பரிசு தகட்டுக்குக் கிடைத்தாலும் அவருடைய மனம் எண்களில்தான் இருந்தது. 1819 மே 12 அன்று கவுஸுக்கு மீண்டும் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா ஒரு புத்தகத்தின் ஓரத்தில் எழுதிவைத்த புதிரைத் தீர்க்கத் தன்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்றார். இரண்டு கனங்களைக் கூட்டி இன்னொரு கனம் வராது. இரண்டு ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி இன்னோர் ஐந்தாம் அடுக்கு வராது. இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்குக்கும் இப்படித்தான் என்பது ஃபெர்மாவின் கூற்று.

இங்கே நம் 11 மணிக் கடிகாரம் திரும்ப வருகிறது. அதில் எந்த எண்ணின் ஐந்தாம் அடுக்கை எடுத்தாலும் மீதி 0, 1, 10 மட்டுமே. 2இன் ஐந்தாம் அடுக்கு 32, மீதி 10. 3இன் ஐந்தாம் அடுக்கு 243, மீதி 1. நீங்களே மற்றவற்றைப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டி மூன்றாவது வருகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று எண்களில் எதுவும் 11ஆல் வகுபடாவிட்டால், இடப்பக்க மீதி 2, 0, 9 இவற்றில் ஒன்று. வலப்பக்க மீதி 1 அல்லது 10. பொருந்தவே பொருந்தாது. ஆகவே மூன்றில் ஒன்றாவது 11ஆல் வகுபட்டாக வேண்டும்.

சோஃபியின் திட்டம் இதைப் பெரிதாக்குவது. 5க்கு 11 ஒரு துணை எண். 41 இன்னொன்று. 31 உதவாது, அங்கே ஐந்தாம் அடுக்குகளின் மீதிகளில் 5, 6 இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடுகின்றன, அப்படி வந்தால் வாதம் உடையும். உதவும் துணை எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்று காட்டிவிட்டால், அந்த மூன்று எண்களில் ஒன்று எண்ணற்ற பகா எண்களால் வகுபட வேண்டியிருக்கும். அது நடக்காத காரியம். ஃபெர்மா சொன்னது நிரூபணமாகிவிடும். ஒரு குறிப்பிட்ட அடுக்கைத் தனியே எடுத்துக்கொண்டு போராடாமல், எல்லா அடுக்குகளுக்கும் பொதுவாக ஒரு வழியை அதற்கு முன் யாரும் முன்வைத்ததில்லை. கவுஸ் அப்போது வானியலில் மூழ்கியிருந்தார். இந்தக் கடிதத்துக்கு அவர் எழுதிய பதில் என்று எதுவும் இல்லை.

1820களில் லெஜாந்தர் ஃபெர்மாவின் புதிரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஓர் அடுக்குக்கு ஒரே ஒரு நல்ல துணை எண் இருந்து, இன்னும் ஒரு சிறு நிபந்தனையும் நிறைவேறினால், அந்த மூன்று எண்களில் ஒன்று அடுக்கு எண்ணாலேயே வகுபட வேண்டும் என்ற தேற்றம் அதில் இருக்கிறது. அதன்மூலம் புதிரின் ஒரு பாதி மூடப்படுகிறது. 100க்குக் கீழுள்ள எல்லா ஒற்றைப் பகா எண்களுக்கும் இதைச் செய்து காட்டியவர் சோஃபி ஜெர்மேன் என்று லெஜாந்தர் குறிப்பிடுகிறார். எங்கே? அடிக்குறிப்பில். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு எண்ணியல் உலகம் அறிந்திருந்த சோஃபி ஜெர்மேன் அந்த அடிக்குறிப்புதான். கட்டுரையில் சுற்றிலும் இருந்த மற்றவையெல்லாம் லெஜாந்தருடையவை என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இனி என் குறிப்பேட்டின் அந்த ஒற்றை வரிக்கு வருகிறேன். 100க்குள் 24 ஒற்றைப் பகா எண்கள். அவற்றில் இரட்டித்து ஒன்று கூட்டினால் பகா எண் தருபவை 9: 3, 5, 11, 23, 29, 41, 53, 83, 89. இவற்றுக்கு வேலை சுலபம், 5க்கு நாம் இப்போது செய்தது போலத்தான். மற்ற 15க்கும் இரட்டிப்பது போதாது. 4ஆல் பெருக்கி ஒன்று கூட்டு, 8ஆல் பெருக்கி ஒன்று கூட்டு என்று தேடிப்போக வேண்டும். 7க்கு 15 உதவவில்லை, ஆனால் 29 உதவுகிறது. 29 மணிக் கடிகாரத்தில் ஏழாம் அடுக்குகளின் மீதிகள் 1, 12, 17, 28. எதுவும் எதற்கும் பக்கத்தில் இல்லை. சோஃபி 24க்கும் செய்தார். 20 வரையிலான எல்லா இரட்டைப் பெருக்கிகளையும் முறையாக ஆராய்ந்தார். பிற்காலம் அவருடைய பெயரை எதற்குச் சூட்டியது? எல்லாவற்றிலும் எளிதான அந்த இரட்டிப்புக்கு. 7க்கு அவர் பட்ட பாடு அவருடையதுதான். ஆனால் 7 சோஃபி ஜெர்மேன் பகா எண் இல்லை.

நான் நன்றிகெட்டுப் பேசவில்லை. பெயர் இருப்பது நல்லதே. 1889இல் ஐஃபல் கோபுரத்தில் பொறித்த 72 அறிஞர்களின் பெயர்களில் ஒரு பெண்ணும் இல்லை. உலோகத்தின் மீட்சித்தன்மையை ஆராய்ந்த சோஃபியும் இல்லை. அங்கே இல்லாத பெயர் எண்ணில் இருக்கிறது. அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து போனால் எங்கெங்கோ போகலாம். 1985இல் ஆடில்மன், ஹீத்-பிரவுன், ஃபூவ்ரி ஆகியோரின் உழைப்பால், புதிரின் அந்த முதல் பாதி எண்ணற்ற அடுக்குகளுக்கு உண்மை என்று நிறுவப்பட்டது. அதற்கு அடிப்படை சோஃபியின் வழி. ஃபெர்மாவின் கூற்று முழுமையாக நிரூபணமானது அதற்கும் பத்தாண்டுகள் கழித்து, 1995இல், ஆண்ட்ரூ வைல்ஸ் வேறு பாதையில் வந்து சேர்ந்தபோது. 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாகவும் ஐயமின்றியும் சொல்லும் முறையைக் கண்டார்கள். சோஃபி ஜெர்மேன் பகா எண்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அடர்த்தியாக இருந்தால் தங்கள் முறை இன்னும் வேகமாகும் என்று அதே கட்டுரையில் காட்டினார்கள். ஆனால் அவை முடிவில்லாமல் இருக்கின்றனவா என்பதையே இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை. 2016இல் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு 388342 இலக்கங்கள். அதை அச்சிட்டால் இந்தத் தொகுப்பைவிடப் பெரிய புத்தகம் வேண்டும்.

சோஃபி மார்பகப் புற்றுநோயால் 1831 ஜூன் 27 அன்று இறந்தார். வயது 55. இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் சொத்து வருமானத்தில் வாழ்பவர் என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு இரங்கல் கட்டுரை எழுதியவர் அவருடைய நண்பரும் கணிதவியலாளருமான இத்தாலியர் லிப்ரி. மெழுகுவர்த்தியும் உறைந்த மையும் அங்கிருந்துதான் வந்தன. இதே லிப்ரி பின்னாளில் பிரெஞ்சு நூலகங்களிலிருந்து ஆயிரக்கணக்கான நூல்களையும் சுவடிகளையும் திருடியதாகக் குற்றம்சாட்டப்பட்டு, 1848இல் இங்கிலாந்துக்கு ஓடிப்போனார். சோஃபியின் தாள்களில் ஒரு பகுதி அவரிடம் இருந்தது. அப்படித்தான் அவை இன்று ஃப்ளோரன்ஸ் நகரத்து மொரேனியானா நூலகத்தில் இருக்கின்றன. இன்னொரு பகுதி பாரிஸின் தேசிய நூலகத்தில்.

அந்தத் தாள்களை அண்மைக் காலத்தில் ஆந்த்ரேயா தெல் செந்தினா, ரெய்ன்ஹார்ட் லாபன்பாக்கர், டேவிட் பெங்கெலி ஆகியோர் உட்கார்ந்து வரிவரியாகப் படித்தார்கள். லெஜாந்தருடையவை என்று எண்ணப்பட்டவற்றில் பலவற்றைச் சோஃபி தனியாக, வேறு வழியில், பல இடங்களில் இன்னும் ஒழுங்காகச் செய்திருக்கிறார் என்று தெரியவந்தது. பிழையும் இருக்கிறது, புதிருக்கு விடை இருந்தால் அது எவ்வளவு பெரிய எண்ணாக இருக்கும் என்று அவர் கணித்த பகுதியில் ஓர் ஓட்டை. லெஜாந்தர் திருடினார் என்று நான் சொல்லமாட்டேன். திருட்டென்றால் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம். நடந்தது இன்னும் சாதாரணமானது. அந்தத் தாள்கள் எங்கும் தொலையவில்லை, நூலகத்தில்தான் இருந்தன. எடுத்துப் படிக்க வேண்டும் என்று நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. ஓரத்தில் ஜெர்மானியர் என்று எழுதிக்கொண்ட நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

அவருடைய கடிதங்களில் ஒன்று கடல் தாண்டி நியூயார்க் பொது நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. லெஜாந்தருக்கு எழுதியது. எண்ணற்ற துணை எண்கள் கிடைக்கும் என்ற தன் பெருந்திட்டம் 3ஆம் அடுக்குக்கு நடக்காது என்று சோஃபியே அதில் நிரூபித்துக் காட்டுகிறார். 3க்கு உதவும் துணை எண்கள் 7, 13 இரண்டு மட்டும்தான். அதற்குமேல் எந்தப் பகா எண்ணை எடுத்தாலும் பக்கத்துப் பக்கத்து மீதிகள் வந்தே தீரும். பல ஆண்டுகள் நம்பியிருந்த வழி ஒன்றில் அடைப்பு இருக்கிறது என்பதைச் சில பக்கங்களில், பதற்றமில்லாமல் எழுதி முடித்திருக்கிறார்.